தொழில் உலகம்: இரும்பை இணைக்கும் இயந்திரக் கை

"பத்தாம் வகுப்புத் தேறிய பையனை வெல்டிங் பயிற்சிக்கு அனுப்பலாமா? அவ்வேலையையும் இப்பொழுது இயந்திரமே செய்துவிடுகிறதாமே!" என்று சங்கத்து அன்பர் சிலர் நம்மிடம் வினவினர். கஞ்சிக்கோட்டு ஆலைகளில் உழைக்கும் குடும்பங்களுக்கும், மூணாறு, பீருமேடு தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை வேறு தொழிலுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோருக்கும் பொதுவான வினா இது. ஆதலின் இம்மாதம் இதனையே ஆராய்வோம்.

உலோகத் தகட்டு வேலை மூன்று படிகளை உடையது: வெட்டுதல், வளைத்தல், இணைத்தல். பட்டறையில் சாக்குக் கட்டியால் கோடிட்டு, காஸ் சுடரால் வெட்டி, சம்மட்டியால் தட்டி, ராடு பிடித்து இணைப்பதே பழைய முறை. இன்றைய பெரிய ஆலைகளிலோ, வரைபடம் கணினிக்குள் இருக்கிறது. தகடு வீணாகாதவாறு துண்டுகளை எங்கெங்கு அடுக்கி வெட்டுவதென்று கணினியே வகுத்துக் கொடுக்க, லேசர் கதிர் வெட்டுகிறது. குறித்த பாகைக்குப் பிரஸ் வளைக்கிறது. மனிதக் கையைப் போல் பல மூட்டுகளையுடைய ரோபோ பற்றவைக்கிறது. எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இயக்கிக் காட்டிற்று. 1961இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் முதல் தொழில் ரோபோ பணியில் அமர்ந்தது. கொதிக்கும் வார்ப்புகளை அச்சிலிருந்து எடுப்பதே அதன் முதல் வேலை.

ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நமக்கு அண்மையான சான்று சென்னைப் பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலை. 1955 அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு திறந்துவைத்த அவ்வாலை, சுவிட்சர்லாந்து நாட்டு முறையில் எஃகுப் பெட்டிகளைக் கட்டத் தொடங்கிற்று. அப்பழைய வகைப் பெட்டிகள் 2018 ஜனவரியோடு நின்றன. இன்று துருப்பிடியா எஃகினாலான புதிய வகைப் பெட்டிகளே அங்கு உருவாகின்றன. லேசர் வெட்டும் இயந்திரங்களும், பெட்டியைத் தாங்கும் போகிச் சட்டத்தைப் பற்றவைக்கும் ரோபோக்களும் அங்கு இடம்பெற்றுள்ளன.

முதலாளிகளும் அரசு ஆலைகளும் இம்முறையை நாடுவது கூலியை மிச்சப்படுத்த மட்டும் அன்று. மெல்லிய தகட்டில் வெப்பம் சிறிது மிகுந்தாலும் அது நெளிந்துவிடும். காலையில் ஓடிய அதே வேகத்தில் மாலையிலும் கை ஓடுதல் மனிதர்க்கு அரிது, இயந்திரத்திற்கு எளிது. உடல்நலமும் ஒரு காரணம். பற்றவைப்புப் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017இல் முடிவு செய்தது. அப்புகையிலிருந்து தொழிலாளி சற்று விலகி நிற்பது நன்மையே அன்றோ?

ஆயினும் இயந்திரக் கைக்கு ஒரு குறை உண்டு. துண்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில் பொருந்தியிருத்தல் வேண்டும். அவ்வாறு பொருத்திப் பிடிக்கும் ஜிக்கை அமைப்பவன் மனிதன். கம்பியின் வேகத்தையும் மின்னோட்டத்தையும் வகுப்பவனும் மனிதன். இணைப்பில் ஓட்டை விழுந்தால் காரணம் காண்பவனும் அவனே. ஒன்றிரண்டு மட்டும் செய்யும் வேலை, பழுது பார்த்தல், உயரத்தில் குழாய் இணைத்தல் ஆகியவற்றில் இன்றும் கைத்திறனுக்கே மதிப்பு. கொதிகலன்களுக்குப் பேர்போன திருச்சி பெல் ஆலை, 1975இலேயே பற்றவைப்புக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவியது. இது ஆழ்ந்து கற்கவேண்டிய கலை என்பதற்கு அதுவே சான்று.

எனினும் கசப்பான உண்மையை மறைத்தல் தகாது. தகடு சுமப்பது, தேய்ப்பது, ஒரே நேர்கோட்டில் நாள் முழுதும் பற்றவைப்பது என்பன போன்ற வேலைகள் பெரிய ஆலைகளில் குறைந்துகொண்டே வரும். நம் இலாகாவிலேயே முன்பதிவுப் பேரேடுகள் மறைந்து கணினி வந்தபோது இதுவே நிகழ்ந்தது. வேலை அழிந்துவிடவில்லை, ஆனால் வேலையின் தன்மை மாறிற்று, கைகளும் குறைந்தன. தொழில் கல்லாது உதவியாளாய்ச் சேர்பவனே முதலில் வெளியேற நேரும்.

கஞ்சிக்கோட்டில் ரயில் பெட்டித் தொழிற்சாலை எழும் என்று 2012இல் அடிக்கல் நாட்டினர், ஆலை எழவில்லை. 2010இல் அங்கு தொடங்கிய பெமல் ஆலை ரயில் பெட்டிக்குரிய பாகங்களையும் செய்கிறது. ஆனால் வாராத ஆலைக்காகக் காத்திருந்து பிள்ளைகளின் வயதைக் கழிப்பது விவேகமன்று.

ஆகவே நாம் கூறுவது இதுவே. வெல்டிங் பயிற்சிக்குத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் ராடு பிடிப்பதோடு நிறுத்தாதீர்கள். வரைபடம் படித்தல், அளவெடுத்தல், உலோகத்தின் இயல்பு, கணினி இயந்திரம் இயக்குதல் ஆகியவற்றையும் கற்பியுங்கள். பாலக்காட்டுப் பக்கத்தார் மலம்புழை அரசு ஐ.டி.ஐ.யிலும், இடுக்கிப் பக்கத்தார் கட்டப்பனை அரசு ஐ.டி.ஐ.யிலும் என்னென்ன பிரிவுகள் உள்ளன என்று நேரில் விசாரிக்கலாம். பெண் மக்களையும் மறவாதீர். சம்மட்டி வலிமை வேண்டாத இவ்வேலைக்குக் கூர்த்த மதியும் பொறுமையுமே மூலதனம்.

இயந்திரத்தோடு போட்டியிட்டு வெல்வது அரிது. அதனை ஏவல் கொள்ளும் கல்வியை நம் பிள்ளைகளுக்கு அளிப்பதோ பெற்றோராகிய நம் கையில் உள்ளது.