படம் வராத போர்ட்டுக்குப் பலியாகும் மதர்போர்டுகள்

"போர்ட் அவுட்டுங்ணா. மதர்போர்டை மாத்தினாத்தான் ஆகும்."

சொந்தமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் மேக் ஓஎஸ் ஏற்றி வேலை பார்க்கிறவர், எச்டிஎம்ஐயில் படம் வரவில்லை என்று கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போனால் சர்வீஸ் கடைகளில் பெரும்பாலும் இந்தப் பதிலோடுதான் திரும்பி வருகிறார். கோவை திருச்சி ரோட்டிலும் கேட்டிருக்கிறேன், காந்திபுரத்திலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. விண்டோஸ் மெஷினில் பழகிய கை அப்படித்தான் முடிவுக்கு வரும். ஆனால் முடிவு தவறு. அதற்கு விலை கொடுப்பவர் முகூர்த்த சீசனில் இரண்டு மானிட்டர் இல்லாமல் தவிக்கும் எடிட்டர்.

சிங்காநல்லூர் படத்தொழிலுக்குப் பழகிய ஊர். 1930களில் தொடங்கிய சென்ட்ரல் ஸ்டுடியோ இங்கேதான் இருந்தது. பாகவதரின் 'ஹரிதாஸ்' அங்கே எடுத்த படம். இப்போது இந்தப் பக்கத்தில் படம் வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் கல்யாண வீடியோக்காரர்கள். ஃபைனல் கட் ப்ரோ விண்டோஸில் ஓடாது. ஐமேக் வாங்க வசதி இல்லாதவர்கள் இன்டெல் புராசசர் வாங்கி, ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் மூலம் மேக் ஓஎஸ் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆப்பிள் தயாரித்த கருவியில் மட்டும்தான் இதை நிறுவலாம் என்று ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் சொல்கிறது. இப்படி இயந்திரம் தயாரித்து விற்ற சைஸ்டார் நிறுவனம் 2009இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஆப்பிளிடம் தோற்றதும் உண்மை. அந்த வழக்கைத் தெரிந்துகொண்டுதான் யாரும் இதில் இறங்க வேண்டும். அதற்காக நன்றாக இருக்கும் மதர்போர்டைக் கழற்றி வீசச் சொல்வது எப்படிச் சரியாகும்?

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். "ஆப்பிள் லோகோ வருது, கோடு பாதி ஓடுது, அப்புறம் கருப்பாயிருது. அதனால போர்ட் வீக்." இதில் சொல்லும் அறிகுறியே அந்த முடிவை மறுக்கிறது. லோகோ வந்த கேபிள், லோகோ வந்த மானிட்டர், லோகோ வந்த போர்ட் மூன்றும் நல்ல நிலையில் இருப்பதற்கு அந்த லோகோவே சாட்சி. அதுவரை படத்தை அனுப்பியது பயாஸ் அமைத்துக் கொடுத்த எளிய திரை. கோடு பாதி ஓடியதும் மேக்கின் கிராஃபிக்ஸ் டிரைவர் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கைமாற்றத்தில் படம் நின்றுபோனால் குற்றம் டிரைவருக்குக் கொடுத்த தகவலில்தான் இருக்க வேண்டும். போர்ட் நிஜமாகவே எரிந்திருந்தால் பயாஸ் திரையும் வராது, லினக்ஸும் வராது. பென்டிரைவில் உபுண்டு போட்டு, நிறுவாமல் அப்படியே பூட் செய்து பார்த்தால் விடை கிடைத்துவிடும். மதர்போர்டுக்கு விலை பேசுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யாத மெக்கானிக்கிடம் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வர வேண்டாம்.

அடுத்தது இதைவிட வலுவான வாதம்: "விண்டோஸ்ல ரெண்டு மானிட்டரும் ஓடுது, மேக்ல ஓடல. அப்ப இந்த மதர்போர்டு மேக்குக்கு ஒத்துவராது." பாதி சரி என்பதால்தான் பலரும் இதை நம்பிவிடுகிறார்கள். எந்தப் போர்ட்டை எந்த இணைப்பில் கோர்த்திருக்கிறோம் என்று மதர்போர்டு தயாரிப்பாளர் பயாஸுக்குள் ஒரு அட்டவணை எழுதி வைக்கிறார். விண்டோஸும் லினக்ஸும் அதைப் படித்து நடக்கின்றன. ஆப்பிளின் இன்டெல் டிரைவர் அதை நம்பி நடப்பதில்லை. தன்னுடைய ஒவ்வொரு மாடலும் எப்படிக் கோர்க்கப்பட்டது என்று ஆப்பிளுக்கே தெரியும் என்பதால், அந்த விவரத்தை டிரைவருக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. பிளாட்ஃபார்ம் ஐடி என்ற எண்ணைக் கொடுத்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆக நம் மதர்போர்டு, தான் பார்த்தேயிராத ஒரு மேக்கின் வயரிங் கணக்குப்படி ஓட்டப்படுகிறது. கணக்கு பொருந்தாத போர்ட்டில் படம் வராது. கணக்கைத் திருத்தலாம், அதற்காகவே 'வாட்எவர்கிரீன்' என்ற கெக்ஸ்ட் (கெர்னல் நீட்சி) இருக்கிறது.

திருத்தும் வேலை எப்படி இருக்கும் என்று ஒரு மெஷினை வைத்தே சொல்கிறேன். ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கும் ஒரு எடிட்டருடையது. ஒன்பதாம் தலைமுறை ஐ5, உள்ளே யுஎச்டி 630 கிராஃபிக்ஸ், பின்னால் ஒரு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ. டிஸ்ப்ளேபோர்ட்டில் படம் வந்தது, எச்டிஎம்ஐயில் வரவில்லை. கடையில் மதர்போர்டு மாற்றச் சொல்லிவிட்டார்கள். டெஸ்க்டாப்பில் இந்த கிராஃபிக்ஸுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஐடியில் மூன்று கனெக்டர்கள். கனெக்டர் எந்த இணைப்பில் இருக்கிறது என்று சொல்லும் பஸ் எண்கள் வரிசையாக 05, 04, 06. மூன்றையும் டிஸ்ப்ளேபோர்ட் என்றே டிரைவர் நினைக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிவிட்டு ஐஓரெஜிஸ்ட்ரி எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியில் ஃபிரேம்பஃபரைத் தேடினோம். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு உரிய முதல் கனெக்டரின் கீழ் மட்டும் மானிட்டர் தெரிந்தது. மற்ற இரண்டும் காலி. எச்டிஎம்ஐயின் கீழ் மானிட்டர் தெரிந்து, திரை மட்டும் கருப்பாக இருந்தால் கனெக்டர் வகை தவறு. 00080000 என்று எச்டிஎம்ஐ வகையைக் கொடுத்தாலே போதும். மானிட்டரே தெரியவில்லை என்றால் பஸ் எண்ணும் தவறு.

இந்த கிராஃபிக்ஸில் எச்டிஎம்ஐக்கு வாய்ப்புள்ள பஸ் நான்குதான்: 01, 02, 04, 06. வேலை செய்யும் முதல் கனெக்டரைத் தொடாமல், மீதி இரண்டையும் எச்டிஎம்ஐ வகையாக்கி ஒன்றுக்கு 01, இன்னொன்றுக்கு 02 கொடுத்து ரீஸ்டார்ட் செய்தோம். 02இல் படம் வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் 04, 06 கொடுத்து இன்னொரு முறை பார்த்திருப்போம், அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கவே இல்லை. (இதைச் செய்கிறவர்கள் ஓப்பன்கோர் அமைப்புகள் இருக்கும், ஓடிக்கொண்டிருக்கும் ஈஎஃப்ஐ கோப்புறையை முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கிராஃபிக்ஸுக்கு முன்கூட்டியே ஒதுக்கும் நினைவகம் 64 எம்பியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.)

"அதே புராசசர் போட்ட இன்னொருத்தர் ஈஎஃப்ஐயைக் காப்பி பண்ணிட்டா முடிஞ்சுது" என்பார்கள். முடியாது. புராசசர் ஒன்றாக இருந்தாலும் வயரிங் அந்தந்த மதர்போர்டுக்கு உரியது. காப்பியடித்த ஈஎஃப்ஐயோடு வரும் மெஷின்களில்தான் இந்தக் கோளாறை அதிகம் பார்க்கிறேன்.

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் இன்னும் அதிகப் பணம் வீணாகிறது. ஆர்எக்ஸ் 580 மாட்டியதும் மதர்போர்டின் எச்டிஎம்ஐ நின்றுபோய்விட்டது, கார்டு அதைக் கெடுத்துவிட்டது என்று ஒரு பேச்சு. கார்டு எதையும் கெடுக்கவில்லை. கார்டைக் கண்டதும் உள் கிராஃபிக்ஸை அணைத்துவிடுவது பல பயாஸ்களின் இயல்பு. அதை ஆன் செய்து வைத்தாலும், கார்டு உள்ள மெஷினுக்கு நாம் கொடுக்கும் ஐடியில் கனெக்டரே கிடையாது. 2019இன் 27 அங்குல ஐமேக்கிலும் திரையை ஓட்டுவது ஏஎம்டி கார்டுதான். இன்டெல் கிராஃபிக்ஸ் வீடியோ என்கோடிங்குக்குத் துணை நிற்கிறது. நாமும் அதே ஏற்பாட்டைத்தான் செய்திருக்கிறோம். மானிட்டர்களைக் கார்டில் மாட்டினால் போதும்.

ஆர்எக்ஸ் 5700, 6600 போன்ற நவி கார்டுகளில் எல்லாப் போர்ட்டும் சேர்ந்தே கருப்பாகும். இது ஐமேக்கா, மேக் ப்ரோவா என்று அடையாளத்தைச் சரிபார்க்கும் ஆப்பிளின் ஒரு கட்டுப்பாடு அங்கே குறுக்கே நிற்கிறது. 'agdpmod=pikera' என்ற பூட் ஆர்க்யுமென்ட் ஒன்றைச் சேர்த்தால் அது விலகிவிடும். அந்த ஒரு சொல் தெரியாததால், புத்தம் புதுக் கார்டை 'டெட்' என்று சொல்லிப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிறது.

கன்வெர்ட்டர் வாங்கச் சொல்லும் யோசனை எப்போதாவது பலிக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் மலிவான கன்வெர்ட்டர் சிக்னலை மாற்றுவதில்லை. போர்ட்டையே எச்டிஎம்ஐ சிக்னல் அனுப்பச் சொல்கிறது. ஆகவே கனெக்டர் வகைப் பிரச்சினை அப்படியே நிற்கும். ஆக்டிவ் கன்வெர்ட்டரில்தான் மேக் அதை டிஸ்ப்ளேபோர்ட்டாகவே பார்க்கும். இன்னொன்று: 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை என்றால் அதற்கு மேக்கைத் திட்ட வேண்டாம். எச்டிஎம்ஐ 1.4 கொண்ட மதர்போர்டு விண்டோஸிலும் அவ்வளவுதான் தரும். 60 வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறுங்கள்.

எதையும் மாற்றவே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. புராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால், உதாரணமாக ஐ5-9400எஃப், உள்ளே வேலை செய்யும் கிராஃபிக்ஸே கிடையாது. மதர்போர்டு போர்ட்டில் எந்த ஓஎஸ்ஸிலும் படம் வராது. 11ஆம் தலைமுறை முதல் டெஸ்க்டாப் புராசசர்களின் உள் கிராஃபிக்ஸுக்கு மேக்கில் டிரைவர் இல்லை. ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்ற என்விடியா கார்டுகளின் டிரைவர் 2017இன் ஹை சியராவோடு நின்றுவிட்டது. கெப்ளர் வகை ஜிடி 710 பிக் சர் வரை ஓடியது. மான்ட்டரேயில் ஆதரவு போய்விட்டது. ஸ்கைலேக் முதல் இன்டெல் விஜிஏவை நேரடியாகத் தருவதில்லை, மதர்போர்டில் ஒரு சிப்தான் மாற்றித் தருகிறது. அதனால் அந்தப் போர்ட்டில் மேக்கின் படம் வந்தாலும் வரும், வராவிட்டாலும் வராது. மேலே சொன்ன புராசசரோ கார்டோ வைத்திருப்பவர்கள் அதை மாற்றத்தான் வேண்டும். அங்கேயும் குற்றவாளி போர்ட் இல்லை. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் கிராஃபிக்ஸ் நினைவகம் 1536 எம்பி என்று வர வேண்டிய யுஎச்டி 630 மெஷினில் 7 எம்பி என்று வந்தால், டிரைவர் ஏறவே இல்லை என்று பொருள். பஸ் எண்ணைத் தேடுவதற்கு முன் பிளாட்ஃபார்ம் ஐடியைச் சரிசெய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு வாதம் இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறது. "2025இல் வந்த டஹோதான் இன்டெலுக்குக் கடைசி மேக் ஓஎஸ். எப்படியும் முடியப் போற மெஷின், இப்பவே மதர்போர்டோட மாத்திருங்க." டஹோ கடைசி என்பது ஆப்பிளே அறிவித்தது. அதனால்தான் இந்த மெஷினில் புதுப் பணத்தை இறக்கக் கூடாது என்கிறேன். ஏற்கெனவே நிறுவிய ஃபைனல் கட் அந்த அறிவிப்பால் நின்றுவிடாது. வைகாசி, ஆவணி முகூர்த்த ஆல்பங்களை இதிலேயே முடித்துக் கொடுக்கலாம். மதர்போர்டுக்குக் கேட்ட தொகையை மேக் மினி வாங்குவதற்கு எடுத்து வையுங்கள்.