அவனுக்கும் ஒரு தட்டு

போன திங்கட்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு, என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு பெண் போன் செய்தாள். இப்போது அவளுக்கே கல்லூரி போகிற மகள் இருக்கிறாள். "டீச்சர், தம்பி இனிமே கோயிலுக்கு வரமாட்டேன், எனக்கு விசுவாசமே இல்லைன்னு சொல்லிட்டான். அம்மா அவனை வீட்டுப் படி ஏறாதேன்னுட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்று அழுதாள்.

மறுநாள் அந்த அம்மாவிடம் பேசினேன். வேதத்தை எடுத்து, யோவானின் இரண்டாம் நிருபத்தில் அப்படிப்பட்டவனை வீட்டில் சேர்க்காதே என்று இருக்கிறதே டீச்சர் என்று கேட்டார்கள். எனக்குப் போனில் சட்டென்று பதில் வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் பாடம் எடுத்தவளுக்கு இதுதான் நிலைமை. அதனால் இங்கே எழுதுகிறேன். நம் சொந்தத்திலும், என் பிள்ளைகளான உங்கள் வீடுகளிலும் இது நடக்கிறது. யாரும் வெளியே சொல்வதில்லை.

முதலில் என் வீட்டுக் கதை. என் மூத்தவன் விசுவாசத்தை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கம்மா, ரொம்ப அழுகாச்சியா எழுதாதீங்க" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தினமும் காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அவனுக்கு ஒரு வசனம். அவன் ஊருக்கு வருகிற நாளாகப் பார்த்து, தற்செயலாக வந்ததுபோல ஐயர் வீட்டுக்கு வருவார். நான்தான் சொல்லி வைத்திருப்பேன். சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னேன். அந்த வாரமே யாரோ ஒருவர் அவன் ஆபீசுக்குப் போன் செய்து புத்தி சொல்லியிருக்கிறார். தினமும் பேசிக்கொண்டிருந்தவன் வாரம் ஒருமுறை பேசினான், பிறகு மாதம் ஒருமுறை. ஒரு தடவை ஐந்து மாதம் சத்தமே இல்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அவன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வராந்தாவில் வைத்து, "பாத்தியா, ஆண்டவர் உன்னை எச்சரிக்கிறார்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பணம் கட்டப் போனான். மூன்று ராத்திரி அந்த பெஞ்சிலேயே படுத்துக் கிடந்தான். விசுவாசமுள்ள நான் வீட்டுக்கு வந்து கட்டிலில் தூங்கினேன்.

அதற்கப்புறம்தான் மோனிக்கா அம்மாளின் கதையைத் திரும்ப வாசித்தேன். பெண்கள் ஐக்கியத்தில் வருடாவருடம் சொல்கிற கதைதான். மகன் அகஸ்டின் மானிக்கேயர் மார்க்கத்துக்குப் போய்விட்டான், தாய் வருடக்கணக்காக அழுது ஜெபித்தாள், மகன் மிலானில் 387-இல் ஞானஸ்நானம் பெற்றான், அதே வருடம் தாய் ஒஸ்தியாவில் கண்மூடினாள். இவ்வளவும் நமக்குத் தெரியும். நாம் சொல்லாமல் விடுகிற இடம் ஒன்று இருக்கிறது, அதை அகஸ்டினே எழுதியிருக்கிறார். அந்த அம்மாவும் முதலில் மகனோடு ஒரே வீட்டில் இருக்கமாட்டேன், ஒரே மேசையில் சாப்பிடமாட்டேன் என்று இருந்தவர்தான். ஒரு சொப்பனம் கண்ட பிறகு மகனை மறுபடியும் மேசையில் சேர்த்துக்கொண்டார். அப்போது மகன் கொஞ்சமும் மாறியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் மாறவில்லை. பிஷப் ஒருவரிடம் போய், என் மகனோடு பேசுங்கள் என்று கெஞ்சியபோது அவர் மாட்டேன் என்றார். அவனை விட்டுவிடு, ஜெபம் மட்டும் பண்ணு என்று அனுப்பினார். நம் ஊர் அம்மாமார் அப்படிப்பட்ட பிஷப்பைச் சும்மா விடுவார்களா!

இன்னொன்றும் யோசித்தேன். நாமே விட்டு வந்தவர்களின் பிள்ளைகள்தானே. 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். அதைச் சாட்சியாகச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். எங்கள் பாட்டையா ஞானஸ்நானம் எடுத்தபோது அவருடைய அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லையாம். அப்புறம் உள்ளே விடமாட்டேன் என்று திண்ணையில் இலை போட்டாளாம். ஆனால் இலை போடுவதை நிறுத்தவில்லை. சாகும்வரை அம்மன் கோயிலுக்கும் போனாள், மகனுக்குச் சோறும் போட்டாள். அந்தக் கிழவிக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

இப்போது அந்த நிருபத்துக்கு வருகிறேன். அது ஊர் ஊராகப் போய்த் தப்பான உபதேசம் பண்ணியவர்களைப் பற்றியது. அந்தக் காலத்தில் சபை கூடியதும் வீடுகளில்தான், போதகர்கள் தங்கியதும் வீடுகளில்தான். ராத்திரி பஸ்ஸில் பசியோடு வருகிற மகனை மனதில் வைத்து எழுதியது இல்லை அது. தன் வீட்டாரைக் கவனிக்காதவன் அவிசுவாசியைவிட மோசம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அப்படியானால் எல்லாம் சரி என்று சொல்கிறீர்களா டீச்சர் என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. எனக்கு வலிக்கிறது. பேத்திக்கு ஆறு வயது, ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. எங்கள் மைனி ஒருத்தி, "அவன் இல்லாத நேரம் ஐயரைக் கூப்பிட்டு முடிச்சிரு" என்றாள். பெற்றவர்களுக்குத் தெரியாமல் செய்வது திருட்டு என்று சொல்லிவிட்டேன். பேத்தி என் மடியில் இருந்து தானியேல் கதை கேட்பாள். சிங்கம் ஏன் கடிக்கலை என்பாள். நான் நம்புவதைச் சொல்வேன். அவள் அப்பாவிடம் கேட்டால் அவன் நம்புவதைச் சொல்வான். அதற்கு நானும் கோபப்படுவதில்லை, அவனும் படுவதில்லை.

அவன் வந்திருக்கிறான் என்று எங்கள் வீட்டில் எட்டு மணி குடும்ப ஜெபத்தை நிறுத்துவதும் இல்லை. சில நாள் உட்கார்ந்திருப்பான், சில நாள் மாடிக்குப் போய்விடுவான். யாரும் கூப்பிடப் போகமாட்டோம். முடிந்ததும் தட்டு வைத்துக் கூப்பிடுவோம். இப்போதும் தினமும் ஐந்து மணிக்கு அவனுக்காக ஜெபிக்கிறேன். வசனம் மட்டும் அனுப்புவதில்லை. அவனே ஆறு மணிக்குப் போன் செய்து, "அம்மா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்கிறான். அவன் திரும்பி வருவானா என்று தெரியாது. என் காலத்தில் அதைப் பார்க்காமலே போகலாம்.

அந்த அம்மா இன்னும் மனம் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அந்தத் தம்பியின் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன். புத்தி சொல்லக் கூப்பிடமாட்டேன். எங்கே தங்கியிருக்கிறான், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்று கேட்க வேண்டும்.