தெருவுக்குப் பெயரும் வீட்டுக்கு எண்ணும் வேண்டி மகஜர்

அனுப்புநர்:
சென்னைப் புறநகர்க் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

பெறுநர்:
உயர்திரு மாநகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: புறநகர்க் குடியிருப்பு வீதிகளில் பெயர்ப் பலகைகளும் ஒழுங்கான கதவு எண்களும் அமைத்துத் தருமாறு கோருதல் – சம்பந்தமாக.

பெருமதிப்புக்குரிய ஐயா,

சென்னை மாநகரைச் சூழ்ந்துள்ள புறநகர்ப் பிரதேசத்தில் சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ குடும்பத்துடன் வசித்து, சொத்து வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் தவணை தவறாமல் செலுத்திவரும் நாங்கள், எங்கள் தெருக்களுக்குப் புதிதாக வரும் ஒருவர் எவரையும் விசாரிக்காமல், எவருடைய தயவையும் எதிர்பாராமல், தாம் தேடிவந்த வீட்டின் வாசலை அடைவதற்குப் போதுமான வழிகாட்டும் சாதனங்கள் இன்றளவும் அமையவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவந்து, அதனால் நேரும் இடர்களையும், பெருஞ்செலவின்றி அவற்றை நிவர்த்தி செய்யும் மார்க்கங்களையும் இம்மகஜர் வாயிலாகச் சமர்ப்பிக்கிறோம். சாலைக்கும் சாக்கடைக்கும் குடிநீருக்கும் நாங்கள் முன்பே மனுச் செய்திருக்கிறோம். அவற்றோடு ஒப்பிட்டால் இது சிறிய கோரிக்கையாகத் தோன்றக்கூடும். ஆயினும், ஒரு வீட்டுக்கு வரவேண்டிய உதவி எதுவாயினும் அது விலாசத்தின் வழியாகவே வந்து சேர வேண்டியிருப்பதால், விலாசம் குழம்பிக் கிடக்கும் இடத்தில் மற்ற வசதிகள் எத்தனை இருந்தும் வேண்டிய வேளையில் அவை பயன்படுவதில்லை என்பதே எங்கள் துணிபு.

இக்குழப்பம் எவருடைய தீய எண்ணத்தாலும் விளைந்ததன்று. எங்கள் பகுதிகள் வளர்ந்த விதமே அதற்கு மூலகாரணம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் சர்வே எண் வாரியாகக் கைமாறி, ஒவ்வொரு துண்டும் தனித்தனி மனைப்பிரிவாகி, மனை விற்றவர் தம் தாயாரின் பெயரையோ இஷ்ட தெய்வத்தின் பெயரையோ நகருக்குச் சூட்டி, உள்ளே முதல் மெயின் ரோடு, இரண்டாவது குறுக்குத் தெரு என்று தம் வரைபடத்துக்கு மட்டும் பொருந்தும்படி வரிசை வகுத்துக்கொண்டார். அடுத்த நிலத்தை வாங்கியவரும் தம் பங்குக்கு அவ்வாறே செய்தார். ஆகவே, பார்வைக்கு நேராக ஓடும் ஒரே வீதி, பாதி தூரம் லட்சுமி நகரின் மூன்றாவது குறுக்குத் தெருவாகவும், அதற்கப்பால் பாலாஜி நகரின் முதல் மெயின் ரோடாகவும், கடைசியில் ஏதோ ஒரு 'விரிவு' என்னும் பெயருடைய பகுதியில் பெயரே இல்லாத சந்தாகவும் முடிகிறது. சில இடங்களில் இரு மனைப்பிரிவுகளுக்கும் நடுவே மதிற்சுவர் எழுந்து நிற்பதால், கூப்பிடு தூரத்தில் தெரியும் வீட்டுக்கு மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்தத் தெரு முட்டுத் தெரு என்பதை அதன் வாயிலில் அறிவிக்க ஒரு பலகையும் இல்லை.

இந்நிலையில் நிர்வாக எல்லைகளும் விஸ்தரிக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டில் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளுமாக 42 ஸ்தல ஸ்தாபனங்கள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு, 174 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் பரப்பு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2021ஆம் ஆண்டில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றுசேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உதயமாயிற்று. தனித்தனி ஊராக இருந்த காலத்தில் ஊருக்கொரு காந்தி தெருவும், ஊருக்கொரு பிள்ளையார் கோயில் தெருவும் இருந்ததில் யாருக்கும் இடையூறில்லை. ஊர்கள் ஒன்றான பிறகு அவை எல்லாம் ஒரே மாநகராட்சியின் பதிவேட்டில் அருகருகே வந்து அமர்ந்துவிட்டன. நன்கு திட்டமிட்ட பகுதிகளிலும் இச்சங்கடம் உண்டு. அண்ணா நகரிலும் அசோக் நகரிலும் பெசன்ட் நகரிலும் முதல் அவென்யூ என்று ஒன்று இருப்பதை நகரவாசிகள் அறிவர். எனினும் அங்கெல்லாம் நகரின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. எங்கள் பக்கத்திலோ நகரின் பெயரும் ஒன்றாகவே இருப்பதால், அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சேர்த்துச் சொன்னாலும் தீருவதில்லை. 1972ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று வழக்கத்துக்கு வந்த அந்த ஆறிலக்க எண், கடிதத்தை உரிய தபாலாபீசுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். தபாலாபீசிலிருந்து வாசல் வரைக்கும் உள்ள வழியை அது காட்டாது.

எங்கள் பகுதியில் ஒரு வீட்டின் வாயில் தூணைத் தாங்கள் நேரில் பார்வையிட வேண்டுமென விரும்புகிறோம். மனை விற்ற காலத்தில் கல்லில் பொறித்த 27 என்னும் மனை எண் அதன் உச்சியில் இருக்கிறது. அதன் கீழே, ஊராட்சி இருந்த நாளில் அறைந்த, துருவேறிய தகரத்தில் 3/114 என்று காண்கிறது. நகராட்சி வந்தபின் சிவப்பு வண்ணத்தில் 'பு.எ. 9' என்று எழுதினார்கள். பழைய எண்ணை அழிக்கவில்லை. பக்கத்தில் மின் இணைப்பு எண். கணக்கெடுப்பாளர் கரிய மையில் தீட்டிய எண் ஒன்று. போலியோ சொட்டு மருந்து கொடுத்துவிட்டுச் சென்றவர்கள் சுண்ணக்கட்டியால் இட்ட குறி. எதிர்வீட்டின் எண் 41. அடுத்த மனையை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டதால் அங்கே 28அ, 28ஆ என்று இரண்டு வாசல்கள். இவற்றுள் எது மெய்யான கதவு எண் என்று கேட்டால், வீட்டுக்காரர் ரேஷன் கார்டில் ஒன்றையும், வரி ரசீதில் மற்றொன்றையும், ஆதாரில் வேறொன்றையும் எடுத்துக் காட்டுகிறார். மூன்றும் அரசாங்க ஆவணங்களே.

இதன் விளைவு முழுவதும் இரவு நேரத்தில்தான் வெளிப்படுகிறது. 2008ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸ் சேவை எங்கள் மக்களுக்குப் பேருபகாரமாக விளங்குவதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். நடுநிசியில் முதியவர் ஒருவருக்கு மார்பு அடைத்து, வீட்டார் அந்த எண்ணை அழைத்தால், விலாசத்தைச் சொல்லி முடித்தவுடன், பக்கத்தில் அடையாளம் ஏதேனும் உண்டா என்ற கேள்வி எழுகிறது. தண்ணீர் டாங்க்கைத் தாண்டி, மாவு மில்லுக்கு இடப்புறம், வேப்பமரத்துக்கு எதிரே என்று பதறிய குரலில் சொல்கிறார்கள். இரவில் மாவு மில் மூடிக் கிடக்கிறது, வேப்பமரம் சென்ற புயலில் விழுந்துவிட்டது. ஆகவே வீட்டிலிருந்து ஒருவர் மெயின் ரோட்டு முனைக்கு ஓடி, செல்போன் விளக்கைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்பதே இங்கு ஸ்திரமான வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்க, கணவனும் மனைவியுமாக முதியோர் தனித்து வாழும் வீடுகள் எங்கள் தெருக்களில் பெருகிவருகின்றன. அவர்களுள் ஒருவர் விழுந்துவிட்டால், மற்றவர் நோயாளியின் அருகில் இருப்பதா, தெருமுனைக்கு ஓடுவதா? இந்தக் கேள்விக்கு விடையளிக்கும் பொறுப்பு ஸ்தல நிர்வாகத்துக்கு உண்டென்று நாங்கள் உறுதியாகக் கருதுகிறோம்.

பகலில் இந்தச் சிரமத்தை வேறு சிலர் சுமக்கிறார்கள். உணவும் பார்சலும் கொண்டுவரும் இளைஞர்கள், நேரத்துக்குக் கட்டுப்பட்டுப் பெறும் சொற்பக் கூலியில், வாசல் வாசலாக வண்டியை நிறுத்திக் கேட்டுக் காலத்தை இழக்கிறார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்து உறவினர் வீட்டைத் தேடும் பெண், இருட்டிய பிறகு முன்பின் அறியாதவர்களிடம் வழி கேட்கும் நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகிறாள். பல்லாண்டு அனுபவத்தால் வீட்டுக்காரரின் பெயரைக் கொண்டே வாசலைக் கண்டுபிடித்த தபால்காரர் ஓய்வு பெற்றபோது, அவருடைய ஞாபகத்தில் இருந்த தெருவின் வரைபடமும் அவருடனேயே போய்விட்டது.

கையில் செல்போன் இருக்க, அதில் வரைபடமும் இருக்க, பலகை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவ்வரைபடத்தை நாங்களும் அன்றாடம் பயன்படுத்துபவர்களே. கதவு எண் ஒழுங்கில்லாத இடத்தில் அது நகரின் நடுப்புள்ளியைக் காட்டி நின்றுவிடுகிறது. மதிற்சுவரின் ஊடாக வழி சொல்கிறது. இரவில் பூட்டப்படும் கேட்டை அது அறியாது. அஞ்சல் துறை 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட டிஜிபின் என்னும் பத்து எழுத்துக் குறியீடு, ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரத்துக்கு ஓர் அடையாளத்தை அளிக்கும் அரிய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. எனினும் அது கருவிக்கு உரிய மொழி. கண்ணால் பார்த்து நடந்துவரும் மனிதருக்குச் சுவரில் எழுதிய எண்ணும் முனையில் நாட்டிய பலகையும் வேண்டும். கருவியும் இவற்றின்மேல் அமைந்தால்தான் பிழையின்றிப் பேசும்.

வீதிக்குப் பெயரிடுவதும் கட்டடத்துக்கு எண்ணிடுவதும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் காலம் முதற்கொண்டே ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உரிய காரியமாக இருந்துவருவதால், புதிய அதிகாரம் எதையும் நாங்கள் கோரவில்லை. முன்மாதிரியும் இல்லாமலில்லை. பாரிஸ் நகரில் 1805ஆம் ஆண்டிலேயே, வீதியின் ஒரு பக்கத்துக்கு ஒற்றைப்படை எண், மறுபக்கத்துக்கு இரட்டைப்படை எண் என்றும், ஆற்றை நோக்கிச் செல்லும் வீதிகளில் ஆற்றங்கரையிலிருந்து எண் தொடங்கும் என்றும் விதி வகுத்தார்கள். வந்தவர் இரண்டு வாசல்களைப் பார்த்த மாத்திரத்தில் தாம் போகவேண்டிய திசையை அறிந்துகொள்கிறார். எங்கள் பகுதிகளில் ஆற்றின் ஸ்தானத்தில் மெயின் ரோட்டை வைத்துக்கொண்டு, மெயின் ரோட்டிலிருந்து உள்நோக்கி எண் வளரும்படி செய்தாலே பாதிக் குழப்பம் நீங்கிவிடும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஆகவே நாங்கள் முதன்மையாகக் கோருவது, மனைப்பிரிவு எல்லைகளைக் கருதாமல், வீதியைத் தொடர்ச்சியாகக் கொண்டு, ஒற்றைப் பக்கம் இரட்டைப் பக்கம் என வகுத்துக் கதவு எண்களைப் புதிதாக இடவேண்டும் என்பதே. காலி மனைக்கும் இப்போதே எண் ஒதுக்கிவிட்டால் பின்னால் வீடு எழும்போது வரிசை குலையாது. புதிய எண் அமலுக்கு வரும் தேதியை அறிவித்து, அத்தேதிக்குப் பின் பழைய எண்ணை மாநகராட்சியே அழித்துவிட வேண்டும். இதுகாறும் புதிய எண் இடப்பட்டதே அன்றிப் பழைய எண் நீக்கப்படாததால்தான் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டையும் வாழ்நாளெல்லாம் எழுதும் நிலை வந்திருக்கிறது. எண் மாற்றத்தின் பொருட்டு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அலுவலகங்களுக்கு அலையாதபடி, வரிப் பதிவேடு, மின் இணைப்பு, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகிய நான்கிலும் திருத்தம் செய்வதற்குரிய பட்டியலை மாநகராட்சியே அந்தந்தத் துறைக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம். இந்த ஏற்பாடு இல்லாமல் எண் மாற்றுவதானால், எண்ணை மாற்றாமல் விடுவதே மேல்.

ஒரே அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குள் ஒரே பெயருள்ள இரண்டு தெருக்கள் இருத்தலாகாது. பெயர் மாற்றம் அத்தெருவாசிகளின் சம்மதத்தோடு, கூட்டம் கூட்டி நடைபெற வேண்டும். அந்நிலத்தில் இருந்த ஏரி, மதகு, தோப்பு ஆகியவற்றின் பழம்பெயர்களுக்கு முதலிடம் தந்தால் மக்கள் விரைவில் ஏற்பார்கள். தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கும் கொள்கையை நாங்கள் முழுமனத்துடன் ஆதரிக்கிறோம். நீக்கப்பட்ட பெயர் பலகையில் மீண்டும் இடம்பெற வேண்டியதில்லை. பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணை ஒன்றைத் தபாலாபீசிலும் தீயணைப்பு நிலையத்திலும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலும் வைத்தால் போதும்.

பலகைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதுள்ளவற்றுள் பல, தனியார் விளம்பரத்துடன் அமைந்தவை. கடையின் பெயர் பெரிதாகவும் தெருவின் பெயர் மூலையில் சிறிதாகவும் காண்கின்றன. மற்றவை மீது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் பிறந்தநாள் வாழ்த்தும் ஒட்டப்பட்டிருக்கின்றன. மழைநீர் வடிகால் வெட்டும்போது பிடுங்கிய பலகைகள் வேலை முடிந்தபின் நாட்டப்படாமல், பள்ளம் தோண்டிய மண்ணோடு லாரியில் போய்விட்டன. இனி அமைக்கும் பலகை வீதியின் இரு முனைகளிலும் இருக்க வேண்டும்; இருளில் ஒளிரும் எழுத்தில் தெரு, நகர், அஞ்சல் குறியீட்டு எண், அவ்விடத்திலிருந்து தொடங்கும் கதவு எண்கள் ஆகியவற்றைத் தாங்க வேண்டும்; வழி அடைபட்டதாயின் அதையும் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மக்களைப் படகில் மீட்க நேர்ந்ததை நினைவிற்கொண்டு, பலகையைத் தரையோடு ஒட்டி வைக்காமல் ஆள் உயரத்துக்கு மேல் பொருத்துமாறும் வேண்டுகிறோம். வடிகால், கேபிள், குடிநீர்க் குழாய் ஆகிய பணிகளின் ஒப்பந்தத்தில், அகற்றிய பலகையை மீண்டும் நாட்டிய பிறகே இறுதிப் பட்டியலுக்குப் பணம் என்று ஒரு ஷரத்துச் சேர்த்தால், அதன்பின் பலகைகள் காணாமற்போக மாட்டா.

தெருவிளக்குக் கம்பங்களுக்கு எண் எழுதும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அவ்வெண்களைப் பெரிதாகவும் தெளிவாகவும் எழுதி, இருப்பிடப் பட்டியலை ஆம்புலன்ஸ், காவல், தீயணைப்பு ஆகிய சேவைகளுக்கு அளித்துவிட்டால், வழி தெரியாமல் நிற்பவரும் எதிரேயுள்ள கம்பத்தின் எண்ணைச் சொல்லி உதவி பெறலாம். இதற்குச் செலவு வண்ணமும் தூரிகையுமே.

புதிய மனைப்பிரிவுகளில் வீதிகள் தானப் பத்திரத்தின் மூலம் ஸ்தல ஸ்தாபனத்திடம் ஒப்படைக்கப்படும் தருணத்திலேயே, அண்டைப் பகுதிகளோடு இசைந்த பெயரும் எண் வரிசையும் நிர்ணயிக்கப்பட்டு, பலகைகள் நாட்டப்பட்டிருத்தல் வேண்டும் என்று நிபந்தனை விதிக்க வேண்டுகிறோம்.

இப்பணியில் எங்கள் சங்கம் உடனிருந்து உழைக்கச் சித்தமாக உள்ளது. அளவையாளர்களுடன் தெருத்தெருவாக நடக்கவும், எந்தச் சுவர் எப்போது எழுந்தது, எந்த கேட் எந்த நேரத்தில் பூட்டப்படுகிறது என்பதைச் சொல்லவும் எங்கள் உறுப்பினர்களுள் மூத்தவர்கள் முன்வந்திருக்கிறார்கள். வருகிற வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், முதற்கட்டமாக முட்டுத் தெரு அறிவிப்புகளையும் விளக்குக் கம்ப எண்களையும் மட்டுமாவது முடித்துத் தந்து, கதவு எண் சீரமைப்புக்கு ஒரு வார்டை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து உத்தரவு பிறப்பிக்குமாறும், எங்கள் பிரதிநிதிகள் தங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் குறித்து அருளுமாறும் பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்