புல்தரை நன்றாகவே இருக்கிறது

நமது எழுத்தாளர்களுக்கு அண்மைக்காலமாகப் பயணக் கட்டுரை எழுதும் ஆவல் பிடித்திருக்கிறது. பிடிக்கட்டும். ஹஜ் பயணக் குறிப்புகளை விட்டால் இந்தத் துறையில் நாம் எழுதியது கொஞ்சம்தான். மகன் மன்செஸ்டரில் இருக்கிறான், மருமகன் டோஹாவில் இருக்கிறார், போய் இரண்டு மாதம் நின்றுவிட்டு வந்து எழுதுகிறார்கள். என் வழக்கு இக்கட்டுரைகளில் தவறாமல் வந்துவிடும் ஓர் அத்தியாயத்தோடு மட்டும்தான். அது உதைபந்தாட்ட அரங்கைச் சுற்றிப்பார்த்த அத்தியாயம்.

அரங்கு எந்த நாட்டில் இருந்தாலும் சுற்றுலா ஒன்றுதான். நேரம் குறித்த நுழைவுச்சீட்டு, கழுத்தில் தொங்கும் அட்டை, சிரித்த முகத்தோடு ஒரு வழிகாட்டி. முதலில் மேல்தட்டுக்கு ஏற்றி முழு மைதானத்தையும் காட்டுவார். பிறகு வீரர்கள் உடைமாற்றும் அறை. இன்னார் இருக்குமிடம் இது என்று சட்டைகள் தொங்கும். பிறகு மைதானத்துக்குப் போகும் ஒடுங்கிய பாதை; சில இடங்களில் ஒலிபெருக்கியில் கூட்டத்தின் ஆரவாரத்தையும் போட்டுவிடுவார்கள், நமது ஆளுக்கு மயிர்க்கூச்செறியும். பயிற்றுவிப்பாளரின் கதிரையில் இருந்து ஒரு படம், பத்திரிகையாளர் மாநாட்டு மேசையில் இருந்து இன்னொரு படம். புல்லை மட்டும் மிதிக்க விடமாட்டார்கள். கிண்ணங்கள் அடுக்கிய அலுமாரிகளைக் கடந்தால், கடைசிக் கதவு நேரே கடைக்குள் திறக்கும்.

இதையெல்லாம் அனுபவிப்பதில் பிழையில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், சட்டையும் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் வழிகாட்டி ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதி, ஆசன எண்ணிக்கையையும் செலவுத் தொகையையும் சேர்த்து, இலக்கிய இதழுக்கு அனுப்புகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வழிகாட்டிக்குச் சம்பளம் கொடுப்பது அரங்கின் சொந்தக்காரர். நமது எழுத்தாளருக்கு அவர் சம்பளம் கொடுக்கவில்லையே!

வழிகாட்டிகள் மரணத்தைப் பேசுவதே இல்லை என்று சொல்லவரவில்லை. மன்செஸ்டரின் ஓல்ட் ட்ரஃபர்ட் அரங்கில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் முகத்தில் 1958 பெப்ரவரி 6 என்ற திகதியும் மியூனிக் என்ற நகரப் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அன்றைய விமான விபத்தில் இறந்த 23 பேரில் 8 பேர் அந்தக் கழகத்தின் வீரர்கள். லிவர்பூலின் அன்ஃபீல்டில் 97 பெயர்கள் இருக்கின்றன. 1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிபட்டு, அன்றும் அதன் பின்னும் இறந்த ஆதரவாளர்கள் அவர்கள். குடித்துவிட்டு வந்த இரசிகர்களே காரணம் என்று பொலிஸ் தரப்புச் சொன்னதை உடைத்து, அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள், இரசிகர்கள்மேல் பிழையில்லை என்ற தீர்ப்பை 2016இல் வாங்குவதற்குக் குடும்பத்தார் 27 வருடம் போராடினார்கள். அதே லிவர்பூல் இரசிகர்களில் ஒரு பகுதியினர் பாய்ந்ததால் 1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் அரங்கில் 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலிய அணியின் ஆதரவாளர்கள். அவர்களுக்காக அன்ஃபீல்டின் சுவரில் ஒரு நினைவுப்பலகை ஏறியபோது வருடம் 2010. தன் சட்டை அணிந்தவனின் சாவு கடிகாரத்தில் ஏறிவிடுகிறது. அடுத்தவனின் சாவு கால் நூற்றாண்டு வாசலில் நிற்கிறது.

உதைபந்தாட்ட வரலாற்றில் மிக முக்கியமான அரங்கச் சுற்றுலா எது என்று கேட்டால், 1973 ஒக்டோபரில் சிலியின் தலைநகர் சந்தியாகோவில் நடந்ததையே நான் சொல்வேன். செப்டம்பர் 11ஆம் திகதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறுநாள் தொட்டே தேசிய அரங்கு சிறையாகத் தொடங்கியது. அம்மாத இறுதியளவில் செஞ்சிலுவைச் சங்கத்தார் போனபோது உள்ளே சுமார் 7000 பேர் இருந்தார்கள். ஆண்களை உடைமாற்றும் அறைகளிலும் ஆசனங்களுக்குக் கீழுள்ள நடைபாதைகளிலும் அடைத்திருந்தார்கள். பெண்களை அடைத்தது நீச்சல் தடாகத்தை ஒட்டிய அறைகளில். விசாரணை, சித்திரவதை, கொலை எல்லாம் அங்கேயே நடந்தன. சோவியத் யூனியனோடு சிலி ஆடவேண்டிய உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி அதே அரங்கில் நவம்பரில் நடக்கவேண்டும். இரத்தம் காயாத இடத்தில் ஆடமாட்டோம் என்றது சோவியத். எனவே பீபா தன் உபதலைவரையும் பொதுச் செயலாளரையும் அனுப்பியது. அதிகாரிகள் அவர்களை அரங்கைச் சுற்றிக் காட்டினார்கள். கைதிகளை ஆசனங்களுக்குக் கீழே மறைத்துவைத்துவிட்டுத்தான் காட்டினார்கள். விருந்தினர் பார்த்தார்கள், புல்தரை நல்ல நிலையில் இருக்கிறது, போட்டியை நடத்தலாம் என்று அறிக்கை எழுதினார்கள்.

நவம்பர் 21ஆம் திகதி சோவியத் அணி வரவில்லை. சிலி வீரர்கள் எதிராளி இல்லாத மைதானத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு போய் வெறும் கம்பத்துக்குள் அடித்தார்கள். தகுதி பெற்றார்கள்.

இவ்விடத்தில் ஒரு சிறு திருத்தம். நமது முற்போக்குக் கவிஞர்கள் பாடகர் விக்டர் ஹாரா இந்த அரங்கில் கொல்லப்பட்டதாகவே எழுதிவருகிறார்கள். அவர் கொல்லப்பட்டது அதே நகரின் இன்னோர் இடத்தில், அப்போது சிலி அரங்கு எனப்பட்ட உள்ளரங்கில். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அடுத்த கவிதைக்குள் சரிசெய்துகொள்ளலாம்.

சந்தியாகோவின் தேசிய அரங்கு பிறகு புதுப்பிக்கப்பட்டது. பிளாஸ்டிக் ஆசனங்கள் வந்தன. ஆனால் எட்டாம் இலக்க வாயிலுக்கு மேலே ஒரு துண்டு மட்டும் பழைய மரப் பலகைகளோடு அப்படியே விடப்பட்டிருக்கிறது. எவ்வளவு பெரிய போட்டியானாலும் அங்கே யாரும் அமர்வதில்லை. அங்கு அடைபட்டு உயிர்தப்பியவர்களும் அவர்களுடைய தோழர்களும் ஆட்களைக் கூட்டிச்சென்று அந்த இடங்களைக் காட்டுகிறார்கள். அதுவும் வழிகாட்டியோடு போகும் சுற்றுலாதான்.

மைதானம் ஆட்களைத் திரட்டுவதற்கும் வசதியான இடம் என்பதைச் சிலியிடம் போய்க் கற்கவேண்டிய நிலையில் நாம் இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டது ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு. இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி சொன்னது அங்கேதான். அந்த மைதானத்தைப் பற்றி ஒருவர் எழுதவந்து, அதில் நடந்த கிண்ணப் போட்டிகளையும் கோல் கணக்குகளையும் மட்டும் எழுதிவிட்டுப் போனால் நாம் விடுவோமா? அடுத்த இதழிலேயே நான்கு எதிர்வினைகள் வரும். வரத்தான் வேண்டும். தமிழ் எழுத்தாளர்கள் பலர் அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி வாய்திறக்கவில்லை என்று முப்பது வருடத்துக்கு மேலாக நாம் முறையிடுகிறோம், நியாயமாகவே முறையிடுகிறோம். அதே நாம் டோஹாவில் என்ன செய்கிறோம்?

2022 உலகக் கிண்ணத்துக்காக கட்டாரில் எட்டு அரங்குகள். ஏழு புதியவை, 1976இல் கட்டப்பட்ட கலீஃபா அரங்கு புதுப்பிக்கப்பட்டது. பார்த்துவந்தவர்கள் எழுதுவது இதுதான்: அல் பைத் அரங்கு பதூவிகளின் கூடாரம், அல் துமாமா அரபு ஆண்கள் அணியும் தொப்பி, அல் ஜனூப் பாய்மரத் தோணி, அதை வரைந்தவர் பக்தாதில் பிறந்த ஸஹா ஹதீத், லுஸைல் அரங்கில் ஏறத்தாழ 89,000 பேர் இருக்கலாம். ஒரு சிறிய முஸ்லிம் நாடு உலகத்தையே கூப்பிட்டு விருந்துவைத்தது என்ற பெருமிதம் வரிக்கு வரி தெரியும். அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. மொரோக்கோ போர்த்துக்கலை வென்று அரையிறுதிக்குப் போன இரவில் எங்கள் ஊரில் தூங்கியவர் குறைவு.

ஆனால் தொழிலாளர் மரணங்களைப் பற்றி மேற்குப் பத்திரிகைகள் எழுதியபோது நம்மிடம் ஒரே பதில்தான் இருந்தது. இது இஸ்லாமிய வெறுப்பு, இரட்டை வேடம் என்றோம். இரட்டை வேடம் இருந்தது உண்மை. பிரேசிலிலும் ரஷ்யாவிலும் அரங்கு கட்டும்போது தொழிலாளர் இறந்தார்கள். அப்போது இவ்வளவு உரத்த குரல் கேட்கவில்லை. லுஸைலை வரைந்துகொடுத்ததும் ஒரு பிரித்தானியக் கம்பனிதான். அதற்காக, சொன்னவன் வேடக்காரன் என்பதால் மையித்து எழுந்து வீட்டுக்கு நடந்து வருமா?

கணக்கைப் பார்ப்போம். 2021 பெப்ரவரியில் கார்டியன் பத்திரிகை 6500க்கு மேற்பட்டோர் என்று எழுதியது. இது அரங்கு கட்டி இறந்தவர்களின் தொகை அல்ல. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேஷ், இலங்கை ஆகிய ஐந்து நாட்டவரில் பத்தாண்டுக் காலத்தில் கட்டாரில் எல்லாத் தொழில்களிலும் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்களின் தொகை. அரங்கச் சாவுகள் 6500 என்று பரப்பியவர்கள் பிழை செய்தார்கள். மறுபுறம் ஏற்பாட்டுக் குழு அரங்க வேலைத்தளங்களில் வேலை காரணமாக இறந்தவர் 3 பேர் என்றது. வேலையோடு தொடர்பில்லாமல் இறந்தவர் 37 என்றது. 2022 நவம்பரில் அதே குழுவின் தலைமைச் செயலாளர், உலகக் கிண்ணத்தோடு தொடர்பான வேலைகளில் 400க்கும் 500க்கும் இடையில் இறந்திருக்கலாம் என்று தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். மூன்று எங்கே, ஐந்நூறு எங்கே! இந்த இடைவெளிக்குள் விழுந்தவர்கள் யார் என்று கேட்கவேண்டியவன் இலண்டன் பத்திரிகையாளன் மட்டுமா?

பல மரணச் சான்றிதழ்களில் காரணம் எழுதப்பட்டிருக்கும் விதத்தைச் சர்வதேச மன்னிப்புச் சபை 2021இல் எடுத்துக்காட்டியது. இயற்கை மரணம், இதயச் செயலிழப்பு, அவ்வளவுதான். உடலைச் சரிவர ஆராய்ந்து எழுதியவை அல்ல. இதயம் நிற்காமல் யாரும் மரணிப்பதில்லை என்பது எனது எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். வெயிலில் நின்ற முப்பது வயது இளைஞனின் இதயம் இரவில் படுக்கையில் ஏன் நின்றது என்பதல்லவா கேள்வி? வேலையால் வந்த சாவு என்று எழுதப்படாவிட்டால் குடும்பத்துக்கு நட்டஈடு கேட்க வழியுமில்லை.

திருத்தங்கள் வந்தன, அதையும் சொல்லவேண்டும். 2021இல் எல்லோருக்குமான குறைந்தபட்சச் சம்பளம் 1000 ரியாலானது. கோடையில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளிவேலை தடுக்கப்பட்டது. 2018இல் டோஹாவில் திறந்த சர்வதேச தொழில் அமைப்பின் அலுவலகமும், தொழிற்சங்கங்களும், நாம் வேடக்காரர் என்று ஏசிய பத்திரிகைகளும் கொடுத்த நெருக்குதல் அதில் இருக்கிறது. நமது புகழுரையால் ஒரு தொழிலாளியின் சம்பளம் ஒரு ரியாலாவது கூடியதா?

போட்டி தொடங்க முதல்நாள் பீபா தலைவர் இன்பான்டினோ, தான் இன்று ஒரு புலம்பெயர் தொழிலாளியாக உணர்வதாகப் பேசினார். நம்மில் பலர் அதைப் பகிர்ந்து கைதட்டினோம். பரிசுத் தொகையான 440 மில்லியன் டொலருக்குச் சமமான நிதியைத் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஒதுக்குமாறு மனித உரிமை அமைப்புகள் கேட்டிருந்தன. 2024 நவம்பரில் பீபா 50 மில்லியன் டொலர் நிதி ஒன்றை அறிவித்தது. அது அந்தக் குடும்பங்களுக்கான நட்டஈடு அல்ல.

வளைகுடா அரசுகளை விமர்சித்தால் மார்க்கத்தை விமர்சித்ததாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். 2013 ஜனவரியில் மூதூரின் ரிஸானா நபீக்கை சவூதியில் சிரச்சேதம் செய்தபோது நமது கவிஞர்கள் எழுதவில்லையா? மார்க்கத்துக்கு என்ன ஆயிற்று? வியர்வை காய முன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியைக் குத்பாவில் கேட்டுவிட்டு வருகிறவர்கள், கூலி கிடைக்காதவனைப் பற்றி எழுத யாரிடம் அனுமதி கேட்கிறார்கள்?

இன்னொரு விடயம். டோஹாவின் முஷைரிப் பகுதியில் பின் ஜல்மூத் இல்லம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. இந்து சமுத்திரத்து அடிமை வாணிபத்தின் கதையை, கட்டாரில் 1952இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது வரை அது சொல்கிறது. பக்கத்திலேயே கம்பனி இல்லம். எண்ணெய் வயல்களில் முதன்முதல் உழைத்தவர்களின் கதை அங்கே. கட்டாரே தன் அடிமை வரலாற்றுக்கு ஒரு வீட்டைத் திறந்து வைத்திருக்கிறது. டோஹா சென்றுவந்த நமது கட்டுரையாளர்களில் ஒருவராவது அந்த வாசலை மிதித்ததாக எழுதி நான் வாசிக்கவில்லை. கட்டார் வெட்கப்படாத விடயத்துக்குக் கட்டாருக்காக இவர்கள் வெட்கப்படுகிறார்கள்.

தொழிலாளருக்கு நன்றி கூறும் வாசகங்களும் படங்களும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நன்றி உயிரோடிருப்பவனுக்கு. இறந்தவனுக்கு வேண்டியது பெயர், ஊர், திகதி, காரணம். அன்ஃபீல்டில் இருப்பது அதுதான்.

2034 உலகக் கிண்ணத்தை சவூதிக்குக் கொடுப்பதாக பீபா 2024 டிசம்பர் 11ஆம் திகதி முடிவுசெய்தது. திட்டத்தில் ஐந்து நகரங்களில் 15 அரங்குகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை இனிமேல்தான் கட்டி எழுப்பவேண்டும். நமது ஊர்களிலிருந்து ஆட்கள் போவார்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு கடவுச்சீட்டுக்கு எழுதிப்போடும் பையன்களை வகுப்பில் நான் வருடந்தோறும் காண்கிறேன்.

இதழாசிரியருக்கு ஒரு யோசனை. அரங்கம் பார்த்த கட்டுரைகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். மூதூர், கிண்ணியா, ஏறாவூர், அக்குறணை, கல்பிட்டி என்று வாசகர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். வளைகுடாவின் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளுக்கு அவர்கள் போகட்டும். எந்த வருடம் போனார், முகவருக்கு எவ்வளவு கட்டினார், எந்த வேலைத்தளம், ஜனாஸா ஊருக்கு வந்ததா அங்கேயே அடக்கினார்களா, சான்றிதழில் காரணம் என்னவென்று இருக்கிறது என்று கேட்டு எழுதட்டும். வீட்டார் ஒப்புக்கொண்டால் மட்டும் பெயரையும் போடலாம். சான்றிதழ் அரபியில் இருக்கும்; உம்மாமார் அதை வாசிக்கத் தெரியாமல் அலுமாரியில் மடித்து வைத்திருப்பார்கள். ஊருக்கு ஊர் மௌலவிமார் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம்.