கப்பலேறட்டும் புத்தகங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னைத் துறைமுகத்தில் அந்தமான் கப்பலுக்குக் காத்திருப்போரின் மூட்டைகளில் பண்டிகை வாசம் வீசத் தொடங்கிவிடும். புதுப்புடவை, முறுக்கு டப்பா, அரைத்து எடுத்த மசாலாப் பொடி, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அடுத்தடுத்து வரும் விடுமுறைக்கு மெயின்லேண்டிலிருந்து தீவுக்குப் போகும் அன்பளிப்புகள் இவை. இந்த மூட்டைகளில் இனி புத்தகங்களும் இருக்க வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை புத்தகம். அவரவர் வயதுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற புத்தகம்.

சென்னைவாசி ஒருவர் நினைத்த மாத்திரத்தில் தியாகராய நகருக்குப் போய்ப் பத்துப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து ஒன்றை வாங்கிவரலாம். டிக்லிபூரிலோ காம்ப்பெல் பேயிலோ வாழும் தமிழருக்கு அது வாய்க்காது. நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 3,80,581. அதில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். இவர்களில் பலருக்கு, யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் தமிழ்ப் புத்தகம். அன்பளிப்பு என்பது இங்கே வெறும் சம்பிரதாயம் அல்ல. புத்தகம் வந்து சேரும் வழியே அதுதான்.

ஏறக்குறைய இதே அளவு மக்கள் வாழும் இன்னொரு தீவு ஐஸ்லாந்து. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது அங்கே தட்டுப்பாடின்றிக் கிடைத்த சில பொருள்களில் காகிதமும் ஒன்று. அதனால் கிறிஸ்துமஸ் பரிசாகப் புத்தகம் கொடுக்கத் தொடங்கினார்கள். 1944 முதல் ஆண்டுதோறும் புதிய நூல்களின் பட்டியல் ஒன்று வெளியாகிறது. அதைப் பார்த்துக் குறித்துவைத்து வாங்குகிறார்கள். போர் முடிந்து எல்லாப் பொருளும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஐஸ்லாந்துக்குக் கூடிவந்தது அந்தமானுக்குக் கூடாதா?

எல்லாம்தான் செல்பேசியில் கிடைக்கிறதே என்பார்கள். சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கண்ணாடி இழை வடம் போட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தீவுகளுக்கு அதிவேக இணையம் வந்தது. தீவுக்காரர்கள் பல ஆண்டுகள் ஏங்கிக் காத்திருந்த வசதி அது. ஆனால் இணையம் வந்த வேகத்தில் பிள்ளைகளின் மாலைப்பொழுதும் அதற்குள் போய்விட்டது. வீட்டில் இந்தி கலந்து தமிழ் பேசி, பள்ளியில் வேறு மொழியில் படிக்கும் குழந்தைக்குத் தமிழ் காதில் தங்குகிறது, கண்ணில் தங்குவதில்லை. அச்சில் ஒரு கதையை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போதுதான் அந்த மொழி முழுதாகக் கைக்கு வரும்.

இந்த மண்ணில் புத்தகத்துக்கு ஒரு தனி வரலாறும் உண்டு. 1933 மே மாதம் செல்லுலார் சிறையின் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். நல்ல சோறு, அறைக்கு விளக்கு, படிக்க வசதி ஆகியவையும் அவர்களின் கோரிக்கைகள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் அந்தப் போராட்டத்தில் உயிர்விட்டார்கள். அதன் பிறகு அவர்களுக்குப் புத்தகங்கள் கிடைத்தன. கொட்டடிகள் படிப்பு வட்டங்களாயின. அந்தச் சிறையைச் சுற்றிப்பார்க்க வரும் விருந்தினர் உள்ளூர் நண்பருக்கு ஒரு புத்தகம் கொண்டுவருவது, அந்த மூவருக்கும் செய்யும் மரியாதை.

யாருக்கு எதைக் கொடுப்பது?

எழுத்துப் பழகும் குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறது. தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி நான்கும் அவற்றில் அடக்கம். அந்தமானின் ஒரு தெருவில் பேசப்படும் மொழிகளும் இவைதாம். ஒரே கதையைத் தன் பிள்ளைக்குத் தமிழிலும் அடுத்த வீட்டு வங்காளிப் பிள்ளைக்கு வங்காளத்திலும் வாங்கிக் கொடுத்தால், இரண்டும் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கும்.

பத்து வயதைத் தொட்டவர்களுக்கு தெத்சுகோ குரோயானாகியின் ‘டோட்டோ-சான்’; தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ஆங்கிலம் படிக்கும் பிள்ளையானால் ஸாய் விட்டேக்கரின் ‘அந்தமான்ஸ் பாய்’. மும்பையிலிருந்து ஓடிவரும் சிறுவன் ஜாரவா மக்களிடம் வந்து சேரும் கதை அது.

கல்லூரி இளைஞர்களுக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. ஜப்பானியர் ஆண்ட தென்கிழக்காசியாவில் தமிழர் பட்ட பாடும் அலைந்த அலைச்சலும் அந்த நாவல். 1942 முதல் 1945 வரை ஜப்பானியப் பிடியில் இருந்த தீவின் பிள்ளைகளுக்கு அது அந்நியக் கதை அல்ல. கூடவே மொழியியலாளர் அன்விதா அப்பி தொகுத்த ‘வாய்சஸ் ஃப்ரம் த லாஸ்ட் ஹொரைசன்’. கிரேட் அந்தமானியரின் 10 கதைகளும் 46 பாடல்களும் அதில் உள்ளன. அம்மக்களின் போ மொழியைப் பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். ஒரு மொழி எப்படி இல்லாமல் போகிறது என்பதைத் தீவில் வளரும் இளைஞர் அறிய வேண்டும்.

குடும்பத் தலைவிக்கும் தலைவருக்கும் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ பொருத்தம். காடு திருத்திக் குடியேறிய தெலுங்கு மக்களின் கதையை, தீவில் காடு திருத்திய குடியேறிகளின் பேரப்பிள்ளைகளைவிட யார் நெருக்கமாக வாசித்துவிட முடியும்? இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களுக்கு கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. பாட்டிக்குக் கண் தெரியவில்லையா? பேத்தி உரக்கப் படித்துக் காட்டட்டும். இரண்டு பேருக்கும் அதுவே பரிசு.

அனுப்பும் செலவு ஒரு தடை. புத்தகங்களுக்கு அஞ்சல் துறை தந்துவந்த சலுகைக் கட்டணப் பதிவு அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது பதிப்பாளர்களும் வாசகர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கிறது. 300 கிராமுக்கு ரூ. 20, 5 கிலோவுக்கு ரூ. 100, வரி தனி. விமானத்தில் போகாத தபால் என்பதால் நாள் பிடிக்கும். பொங்கலுக்குள் கமோர்ட்டாவில் கிடைக்க வேண்டுமென்றால் நவம்பரிலேயே அஞ்சலகத்தில் சேர்த்துவிடுவது உத்தமம்.

தனி மனிதர்களின் அன்பு மட்டும் போதாது. தீவு நிர்வாகம் சென்னைக் கப்பல் ஒவ்வொன்றிலும் நான்கு மொழிப் புத்தகங்கள் கொண்ட ஓர் அலமாரி வைக்க வேண்டும். மூன்று நாள் பயணம். நடுக்கடலில் செல்பேசிக்குச் சிக்னல் கிடையாது. படுக்கையில் சாய்ந்துகொண்டு ஒரு நாவலை முடித்துவிடலாம். அந்தமான் தமிழர் சங்கமும் மற்ற மொழிச் சங்கங்களும் ஐஸ்லாந்துக்காரர்களைப் போல ஆண்டுக்கு ஒரு பட்டியல் அச்சிட்டு அக்டோபரிலேயே வீடுகளுக்குக் கொடுக்கலாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்வரும் தீவுக்காரர்கள், தங்களுக்கு வாங்கும்போதே உள்ளூர்ப் பள்ளி நூலகத்துக்கும் இரண்டு சேர்த்து வாங்கலாம். அந்தமானின் ஹேடோ துறையில் கப்பல் வந்து நிற்கும்போது, அப்பா என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று பையைத் திறக்கும் பிள்ளையின் கையில் முறுக்கு டப்பாவுக்கு முன்னால் ஒரு புத்தகம் தட்டுப்பட வேண்டும். இந்த விடுமுறையிலேயே அதைத் தொடங்கிவிட முடியும்.