கையெழுத்து வாங்குறதுக்குப் பேர் கருத்துக்கேட்பு இல்லை!



ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறோம். உங்க வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டப்போறாங்க. உங்ககிட்ட ஒரு காகிதத்தை நீட்டி "இங்க கையெழுத்துப் போடுங்க"ன்னு மட்டும் சொல்றாங்க. வரைபடத்தைக் காட்டலை. எத்தனை மாடி, எத்தனை சதுர அடி, திரும்ப எப்போ வரலாம்னு சொல்லலை. இதுக்குப் பேர் கருத்துக்கேட்பா?

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்புகளை இடித்து மறுகட்டுமானம் செய்யும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. இன்னும் நடக்க வேண்டியது ஏராளம். அதனால்தான் இந்தப் பதிவு. உங்க பிளாக்குக்கு நாளைக்கு அந்தக் காகிதம் வரலாம். வர்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறோம். மறுகட்டுமானத்துக்கு நாங்க எதிரி இல்லை. 2021 டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்பு அப்படியே சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர் பிழைத்தார்கள். எந்த அதிகாரியின் அறிக்கையும் அவர்களைக் காப்பாற்றவில்லை. அங்கே குடியிருந்தவர்களின் கண்தான் காப்பாற்றியது. அந்தக் கட்டடத்தின் நிலைமை அதில் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்ம வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குது: வீட்டைப் பற்றி வீட்டில் இருப்பவரைக் கேள்!

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது அதன் முழக்கம் "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்". 2021-ல் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பேர் மாறிடுச்சு. போக்கு மாறிச்சா?

கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களை வரிசையாக எழுப்பி, நகரத்தின் நடுவில் வேலை செய்துகொண்டிருந்த குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். வீட்டு வேலை செய்த அம்மாவுக்குப் பஸ்ஸிலேயே பாதி நாள் போனது. பிள்ளைகளின் பள்ளி மாறியது. மேல் மாடியில் இருக்கும் பெரியவருக்கு லிஃப்ட் ஓடினால்தான் உலகம். லிஃப்ட் நின்றால் வீடே சிறை. இந்த வீடுகளை வடிவமைத்தபோது யாரைக் கேட்டார்கள்? புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதுசாகக் கட்டிய குடியிருப்பில் கை வைத்தாலே பூச்சு உதிர்ந்தது. 2021-ல் ஐ.ஐ.டி. வல்லுநர்களை அழைத்து ஆய்வு செய்ய வேண்டிவந்தது. அதையும் முதலில் வெளியே கொண்டுவந்தது குடிவந்த மக்கள்தான்.

சரி, எப்படிப்பட்ட வீடு வேணும்?

இன்னைக்கு 30 வயசுல குடிபோற பொண்ணு, அதே வீட்டுல 70 வயசு வரைக்கும் இருப்பாங்க. நடுவுல குழந்தை பிறக்கும். மாமியார் விழுந்து இடுப்பெலும்பு உடையும். வீட்டுக்காரருக்கு சர்க்கரை நோயில் காலை எடுக்க வேண்டிவரலாம். ஆள் மாறுவாங்க, அப்போ வீடும் அவங்களோட சேர்ந்து மாறணும். அப்படிக் காலத்துக்கும் தேவைக்கும் ஏத்த மாதிரி மாத்திக்கக்கூடிய வீட்டைத்தான் தகவமைப்பு வீடுன்னு சொல்றோம்.

இது ஏதோ ஆடம்பரம்னு நினைக்காதீங்க. கேட்கிறது இவ்வளவுதான்: வீல்சேர் நுழையும் அளவுக்கு 90 சென்டிமீட்டர் அகலக் கதவு. தடுக்கி விழவைக்கும் படி இல்லாத வாசல். பாத்ரூமில் வீல்சேரைத் திருப்ப ஒன்றரை மீட்டர் இடம். பின்னால் கைப்பிடி பொருத்தினால் தாங்கும் அளவுக்குப் பலமான சுவர். உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் சுவிட்ச். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சரிவுப் பாதை. ஸ்ட்ரெச்சர் நுழையும் லிஃப்ட், கரண்ட் போனாலும் அதை ஓட்ட ஜெனரேட்டர். அவ்வளவுதான்!

"இதுக்கெல்லாம் பணம் எங்கே?"ன்னு கேட்பாங்க. வரைபடத்தில் இருக்கும்போதே கதவை அகலமாக்குவது ஒரு பென்சில் கோட்டு வேலை. கட்டி முடித்த கான்கிரீட் சுவரை உடைத்து அகலமாக்குவதுதான் செலவு. முதல்ல கேட்டுட்டுக் கட்டினா மலிவு, கட்டிட்டுக் கேட்டா தண்டம். இது சித்தாளுக்கும் தெரியும், கொத்தனாருக்கும் தெரியும். கோப்பு நகர்த்துறவங்களுக்கு மட்டும் தெரியாதா?

இது தயவும் இல்லை, தானமும் இல்லை. சட்டம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு, அரசின் வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்கிறது. 44-வது பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியே தரக்கூடாது என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்தது செல்லாது, கட்டாய விதிகளை உருவாக்குங்கள் என்று ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் பத்துப் பேரில் ஒருவர். அது பழைய கணக்கு. இன்றைக்கு நம் மாநிலத்துக்கு இன்னும் வயது கூடியிருக்கிறது. இனி கட்டும் கட்டடம் அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு நிற்க வேண்டியது. அது யாருக்காக நிற்கப்போகிறது?

"மக்களுக்கு என்னங்க தெரியும், இன்ஜினியர் பார்த்துக்குவார்"னு ஒரு பதில் வரும். இன்ஜினியருக்குக் கம்பியும் சிமென்ட்டும் தெரியும். அந்தப் படிப்பை மதிக்கிறோம். ஆனா மழைக்கு எந்த மூலையில தண்ணி நிக்கும், எந்த மாடிப்படியில பொண்ணுங்க இருட்டினா ஏற பயப்படுறாங்க, மீன் கூடையும் இட்லி அடுப்பும் தள்ளுவண்டியும் வைக்க எங்க இடம் வேணும், இதெல்லாம் எந்த வரைபடத்துல இருக்கு? குழாயடியில நிக்கிற அக்காவைக் கேளுங்க, அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

வெளிநாட்டைப் பாருங்கன்னு அடிக்கடி சொல்றவங்க கொஞ்சம் முழுசா பார்க்கட்டும். லண்டனில் 2018 முதல், மாநகர நிர்வாகத்தின் நிதி வாங்கிப் பொதுக் குடியிருப்பை இடிக்கும் பெரிய திட்டம் என்றால், முதலில் குடியிருப்போரிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். என்ன தரப்போகிறோம் என்பதை எழுத்தில் கொடுத்த பிறகுதான் வாக்கு. அந்த நகரின் கட்டட விதிப்படி, புதிய வீடுகளில் குறைந்தது 10 சதவீதம் வீல்சேரில் வாழ்பவர்களுக்கானது. மற்றவை தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடியது. சிங்கப்பூரில் பழைய அடுக்குமாடிகளில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும்படி மாற்றும் திட்டத்துக்கே, அந்தக் கட்டடத்தின் தகுதியுள்ள குடும்பங்களில் 75 சதவீதம் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். லிஃப்ட் வைக்கவே அங்கே ஓட்டு! இங்கே வீட்டையே இடிக்க ஒரு வெள்ளைத்தாளும் ஒரு கைநாட்டுமா?

இங்க வாக்குறுதிக்கு மட்டும் குறைச்சல் இல்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகுதான், இனி அகற்றுவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்போம் என்று சட்டப்பேரவையில் உறுதி தரப்பட்டது. ஒரு உயிர் போனதுக்கு அப்புறம் கிடைச்ச வார்த்தை அது. அதை ஒரு படிவமாகச் சுருக்க யாருக்கும் உரிமை இல்லை.

இடைக்காலத்தையும் பேசணும். கட்டி முடிக்கும்வரை வெளியே வாடகைக்கு இருக்கக் கொடுக்கும் தொகையை 2021-ல் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மூன்று மடங்கு, சந்தோஷம். ஆனா கணக்குப் போடுங்க: வேலை ரெண்டு வருஷம் இழுத்தா மாசம் ஆயிரம் ரூபாய். சென்னையில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு அறை காட்டுங்க பார்ப்போம்! நடக்க முடியாத பெரியவரோடு அலையும் குடும்பத்துக்கு, தரைத்தளத்தில் வாடகை வீடு கிடைப்பதே பெரும்பாடு. அட்வான்ஸ் வேற. கடன் வாங்கி, கடன் முற்றி, கடைசியில் புது வீட்டின் ஒதுக்கீட்டையே விற்றுவிட்டுப் போகும் நிலைக்கு ஒரு குடும்பம் தள்ளப்பட்டால், அந்த மறுகட்டுமானம் யாருக்கு?

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. இடிப்பதற்கு முன் வரைபடம், வீட்டின் பரப்பு, மாடிகளின் எண்ணிக்கை, பயனாளி கட்ட வேண்டிய தொகை, திரும்பி வரும் தேதி எல்லாவற்றையும் தமிழில் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடு. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டு. பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் புரியும் வழியில் சொல்.

2. கூட்டத்தை வேலை நாள் காலை 11 மணிக்கு வைக்காதே. மாலையிலும் ஞாயிறிலும், குடியிருப்புக்குள்ளேயே வை. மாடியை விட்டு இறங்க முடியாதவர்களின் கதவைத் தட்டிக் கேள்.

3. ரகசிய வாக்கெடுப்பு நடத்து. குடும்பத் தலைவருக்கு மட்டுமல்ல, வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு.

4. எல்லா வீடும் தகவமைப்பு வீடாக இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீதத்தைத் தரைத்தளத்தில், அதே இடத்தில் கொடு.

5. கட்டி முடித்துச் சாவி தரும்வரை மாதாமாதம் வாடகை கொடு. தாமதம் உன்னுடையது என்றால் செலவும் உன்னுடையது.

6. மக்கள் சொன்னதில் எதை ஏற்றாய், எதை மறுத்தாய், ஏன் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டு. பதில் சொல்லாத கருத்துக்கேட்பு வெறும் நாடகம்.

கடைசியா, நம்ம கட்சித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. டோக்கன் வாங்கித் தர்றேன், லிஸ்ட்ல பேர் சேர்க்கிறேன்னு எந்தக் கட்சிக்காரர் காசு கேட்டாலும் கொடுக்காதீங்கன்னு மக்கள்கிட்ட சொல்லுங்க. அது நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் சரி! அப்படி ஒருத்தர் நம்மகிட்ட இருந்தா அவர் நமக்குத் தேவையில்லை. நம்ம வேலை மக்களுக்குப் பதிலா பேசுறது இல்லை. மக்கள் பேசுற இடத்துக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போறது.

இந்த வாரமே உங்க பகுதி குடியிருப்புக்குப் போங்க. மாடி மாடியா ஏறுங்க. படியேற முடியாதவங்க எத்தனை பேர், படுக்கையில இருக்கிறவங்க எத்தனை பேர், தனியா இருக்கிற வயசானவங்க எத்தனை பேர்னு ஒரு நோட்டுல எழுதுங்க. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க: புரியாத காகிதத்துல கையெழுத்துப் போடாதீங்க, முதல்ல ஒரு நகல் கேளுங்க. நாளைக்கு அதிகாரி கோப்போட வரும்போது நம்ம மக்கள் கையில அந்த நோட்டு இருக்கணும்.

வீடு கட்டுவது அரசின் கடமை. எப்படிப்பட்ட வீடு என்று சொல்வது அதில் வாழப்போகிறவரின் உரிமை.

கேட்டுட்டுக் கட்டு! கட்டிட்டுக் கேட்காதே!

படித்தவர்கள் பகிருங்கள். படிக்க முடியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

#கேட்டுட்டுக்கட்டு #வீடுநம்உரிமை