ஒளியைக் காக்கும் துளி

"ஐயா, நம் ஆய்வுகூட அலுமாரியிலுள்ள வெங்காய வேர்நுனி வழுக்கிகள் என் தந்தையார் இங்கே பயின்ற காலத்தவை என்கிறார்கள். அவற்றின் நிறம் இன்னும் போகவில்லை. ஒளிரும் சாயமேற்றிய கலங்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடுமாமே, அஃது ஏன்?" என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற வாரம் வினவினான். உயிர்காக்கும் செய்தியொன்று இவ்வினாவோடு தொடர்புடையதாதலின், விடையை வாசகர்களுக்கும் கூற விழைகிறேன்.

சாதாரண சாயம் தன்மேல் விழும் ஒளியிற் சில நிறங்களை விழுங்கி, எஞ்சியதை நமக்குக் காட்டுகிறது. ஒளிரும் சாயமோ ஒரு நிற ஒளியை உண்டு, வேறொரு நிற ஒளியைத் தானே உமிழ்கிறது. கொயினாக் கரைசல் நீலமாய் ஒளிர்வதை ஆராய்ந்த ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர் 1852 ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். 1941 இல் அமெரிக்க மருத்துவர் அல்பேட் கூன்ஸும் துணைவரும் இத்தகைய சாயத்தைப் பிறபொருளெதிரியுடன் பிணைத்தனர். பிறபொருளெதிரி தனக்குரிய கிருமியையே தேடிப் பற்றும். எனவே கிருமி உள்ள இடத்தை ஒளி காட்டிக்கொடுக்கும்.

1958 இல் கோல்ட்வாசர், கிஸ்லிங் என்போர் இம்முறையை விசர்நோய்க்குப் பயன்படுத்தினர். ஐயத்துக்குரிய நாய் இறந்தபின், அதன் மூளையைக் கண்ணாடியில் ஒற்றியெடுத்து, அசற்றோனிற் பதப்படுத்தி, சாயமேற்றிய பிறபொருளெதிரியை இட்டுக் கழுவுவர். வைரசு இருப்பின், கரிய பின்னணியிலே பச்சை மணிகள் மின்னும்.

அதன்மேல் இடும் கடைசித் துளிக்குப் பெரும் பொறுப்பு உண்டு. மாதிரியின்மீது ஏற்றுதிரவம் ஒரு துளி விட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடுவர். பெரும்பாலான நுணுக்குக்காட்டிகளுக்கு 0.17 மில்லிமீற்றர் தடிப்பே ஏற்றது. முறிவுச் சுட்டி நீருக்கு 1.33, கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.52, கிளிசரோலுக்கு 1.47. கண்ணாடியை நெருங்கி நிற்பதாலும் விரைவில் உலராததாலும் கிளிசரோலை விரும்பிச் சேர்ப்பர்.

ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ? விசர்நோய்ச் சோதனையிற் கிளிசரோல் மிகுந்தால் மெல்லிய ஒளி கண்ணுக்கு எட்டாமற் போகலாம். ஆகவே 20 சதவீதமளவே சேர்க்குமாறு நெறிமுறை வகுத்துள்ளனர். அங்குப் பயன்படும் புளோரசீன் சாயம் அமிலத்தில் ஒளி குன்றுமாதலால், துளி காரத்தன்மை உடையதாகவும் இருத்தல் வேண்டும். நோயுற்ற நாயை நோயற்றதென்று அறிவித்தால் விளையும் கேட்டை எண்ணிப் பாருங்கள்.

இனி மங்குதலின் காரணம். ஒளியை உண்டு கிளர்ந்த சாய மூலக்கூறு, அருகிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமுற்று அழிகிறது. நாம் பார்ப்பதற்குப் பாய்ச்சும் ஒளியே காட்சியைத் தின்றுவிடுகிறது! இதனைத் தணிக்க, நெடுநேரம் ஆராய வேண்டிய மாதிரிகளுக்குப் புரொப்பைல் கலேற்று போன்ற காப்புப் பொருள்களைத் துளியிற் சேர்ப்பர். எண்ணெயும் கொழுப்பும் காறாமற் காப்பதற்கு உணவுத் தொழிலிற் சேர்க்கப்படுவதும் இதுவே.

வெங்காய வழுக்கிகளைக் காத்த கனடாப் பல்சம் என்னும் மரப்பிசின் இங்கே உதவாதா? அதனுட் புதைப்பதற்குக் கலங்களின் நீரை முற்றாக அகற்ற வேண்டும். அன்றியும், அப்பிசின் தானும் ஒளிர்ந்து காட்சியைக் குழப்பும்.

ஆதலால் வைத்துப் பேண வேண்டிய வழுக்கிகளின் விளிம்பை நகப்பூச்சால் அடைத்து, இருளில், 4 பாகை செல்சியசு அளவிற் குளிரில் வைத்தல் நன்று. மங்குமுன் படம் பிடித்துக்கொள்வதே சாலச் சிறந்தது.

பெற்றோர்க்கு ஒரு சொல். நாய் கடித்தாற் சோதனை முடிவு வருமட்டும் காத்திருக்கலாகாது. காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் உயிர் தப்புதல் மிக அரிது.

வினவிய மாணவனுக்கும் ஒரு சொல். அடுத்த முறை வழுக்கி செய்யும்போது, கடைசித் துளிதானே என்று அவசரப்படாதே.